கீரன் என்னும் பெயர்

பீட்டர் புரூகல் என்னும் ஓவியர் 1569-இல் மறைந்தார். அவருடைய மக்கள் இருவரும் பேரர் சிலரும் ஓவியரே. புரூகல் என்பது குடும்பப் பெயர். மகனுக்கும் தந்தையின் பெயரே அமைந்தவிடத்து மூத்தவர், இளையவர் என்று அடை கொடுத்துப் பிரித்தனர் ஐரோப்பியர். தமிழில் அவ்வாறான குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. அதனால் ஒரே பெயரைக் கண்டதும் ஒரே புலவர் என்று கொள்ளும் மயக்கம் நம்மிடையே மிகுதி. கீரன் என்னும் பெயரே இதற்குச் சான்று.

சங்க நூல்களில் கீரர் பலர். அறியாது முரசுகட்டிலில் துயின்று, சேரமான் கவரி வீசப்பெற்றவர் மோசிகீரனார் (புறம் 50). கபிலர் இன்று இல்லையே என்று ஏங்கியவர் பொருந்தில் இளங்கீரனார் (புறம் 53). ஆய் அண்டிரன் மறைவுக்கு வருந்தியவர் குட்டுவன் கீரனார் (புறம் 240). இவர்கள் உறவினர் என்பதற்குச் சான்று இல்லை. நக்கீரர் பெயரின் முன் நிற்கும் ‘ந’ சிறப்புப் பொருள் தருவது. நப்பூதனார், நச்செள்ளையார் என்பவற்றிலும் அதைக் காணலாம்.

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் நெடுநல்வாடை பாடியவர். இறையனார் களவியலுக்கு உரை கண்டவரும் அவரே என்பது மரபு. அவ்வுரையோ, நக்கீரர் தம் மகனார் கீரங்கொற்றனார்க்கு உரைக்க, வழிவழியாகப் பத்தாமவராகிய முசிறியாசிரியர் நீலகண்டனாரிடம் வந்தது என்று தானே கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுமாறனைப் புகழும் பாடல்கள் அதில் மேற்கோளாக நிற்கின்றன. பத்துப் பேர்க்கு ஆளுக்கு முப்பது ஆண்டு வைத்தாலும் முந்நூறு ஆண்டே ஆகும்; சங்ககாலம் எட்டாது. ஆயினும் கீரங்கொற்றன் என்னும் பெயரை ஆசிரிய அன்பர்கள் கவனிக்க வேண்டும். கீரன் மகன் கொற்றன் என்பது அதன் பொருள். நாம் இன்று பெயருக்குமுன் இடும் தலைப்பெழுத்து அங்கே முழுப்பெயராகவே நிற்கிறது!

பதினோராந் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் பெயரால் பத்து நூல்கள் உள்ளன. அவற்றுள் அந்தாதியும் மும்மணிக்கோவையும் சங்கப் புலவர் கையாண்ட பிரபந்த வகைகள் அல்ல. இவர் பிற்காலத்துச் சைவப் புலவர் என்க. இறைவனோடு வாதிட்ட கதையில் வருபவரோ புராணம் படைத்த நக்கீரர். 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்திற்குப் பிறகு பிள்ளைகள் அறிந்த நக்கீரர் அவர் ஒருவரே. அப்படத்தை நினைத்துக்கொண்டு நெடுநல்வாடையைத் தொடும் மாணவன், கூதிர்காலத்துக் குளிரையும் பாசறையில் துயிலாத வேந்தனையும் கண்டு திகைப்பதில் வியப்பில்லை.

எஞ்சியிருப்பது திருமுருகாற்றுப்படை. அது பத்துப்பாட்டின் முதற்பாட்டு. பதினோராந் திருமுறையிலும் இடம்பெற்றது. நக்கீரர் எல்லாரையும் ஒருவராக்கிய பிணைப்பு இந்நூலே போலும். நெடுநல்வாடை பாடியவரே இதையும் பாடினார் என்பார் உளர். மொழிநடை நோக்கிச் சற்றுப் பிற்பட்டது என்பாரும் உளர். நான் பின்னவர் பக்கம் சார்பவன். வகுப்பில் ‘முருகாற்றுப்படை நக்கீரர்’ என்று நூலோடு சேர்த்தே சொல்லி வருகிறேன்.