அச்சத்துக்கு ஓர் அளவு உண்டு



கோபத்தையும் துக்கத்தையும் நாம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். அச்சத்தை மட்டும் மூடி வைக்கிறோம். "பயமாயிருக்கிறது" என்றால் கோழை என்பார்களோ என்று நினைக்கிறோம்.

அச்சம் கொள்வது குற்றமன்று, அது இயற்கை. ஆபத்தைக் கண்டதும் நெஞ்சு படபடக்கிறது; நா வறள்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. பால்வெட்டும் நிரையில் பாம்பைக் கண்டால் இந்த ஆயத்தம் நமக்கு உதவும். ஆனால், நாளை என்ன ஆகுமோ என்ற அச்சத்தைவிட்டு எங்கே ஓடுவது? அதனால்தான் அது நம் உறக்கத்தைக் கெடுக்கிறது.

நம் தோட்டப்புறம் இத்தகைய பேரச்சம் ஒன்றைக் கண்டிருக்கிறது. 1950ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தங்கள் இரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் சொன்னது இதைத்தான். வேறு இடங்களில் வேலை போனாலும் வீடு மிஞ்சலாம். தோட்டத்தில் வேலையும் லயத்து வீடும் ஒரே முதலாளியின் கையில் இருந்தன. ஒன்று போனால் மற்றதும் போகும். பிள்ளைகள் படித்த பள்ளியையும் கும்பிட்ட கோயிலையும் விட்டுப் பிரிய வேண்டும்.

இந்த அச்சத்துக்கு ஒரு வழி சொன்னவர் நம் பேராக் மண்ணின் மைந்தர். 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன்தான் அவர். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அவர் முயற்சியால் உருவாயிற்று. ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் இதை எடுத்துச் சொன்னார். 1961இல் கெடாவில் பூக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. வெட்டுமரத்தை நம்பி வாழ்ந்தவர்களின் பணம் தோட்டத்துக்கே சொந்தக்காரராயிற்று!

எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடிந்ததா? இல்லை. எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டின. ஆயினும் அந்தப் பத்து வெள்ளி நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. ஒரு தோட்டத்தின் விலை என்பது தனி ஒருவரை நடுங்கச் செய்யும் தொகை. அதையே பலர் பங்கிட்டபோது, ஒரு கை தூக்கக்கூடிய அளவாயிற்று. பத்து வெள்ளியும் அன்று ஒரு தொழிலாளிக்குச் சிறு தொகையன்று; ஆனால் முயன்றால் கட்டக்கூடிய தொகை.

இன்று தோட்டத்தை விட்டு வந்த நம்மில் பலர், ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் வாழ்கிறோம். லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அது சில வேளை தொல்லையாயிருந்தது. பல வேளை துணையாயிருந்தது. தாமானிலோ கேட்டைப் பூட்டிவிட்டால் நம் கவலை நம்மோடுதான். வீட்டுக் கடன், மகனின் வேலை, அம்மாவின் நீரிழிவு என்று ஒவ்வொருவரும் தனித்தனியே விழித்திருக்கிறோம்.

ஆகவே, முதலில் அச்சத்தை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுவோம். எவ்வளவு கடன், எத்தனை மாதம் என்று கணக்கிடுவோம். பிறகு, இந்த மாதம் நம்மால் செய்யக்கூடியது எது என்று பார்த்து, அதை மட்டும் செய்வோம். பக்கத்து வீட்டு அக்காவின் முகம் வாடியிருந்தால், "என்னக்கா, ராத்திரி தூங்கினீங்களா?" என்று நாமே கேட்போம். அவர் சுமையில் நாம் ஏற்கும் பத்து வெள்ளிப் பங்கு அதுதான்.