வீட்டிலேயே வளர்ந்த ஒற்றன்

கூகுள் கடையில் கிடைக்கும் செயலியானால் கண்ணை மூடிக்கொண்டு கைபேசியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஐரிகார்டர் என்னும் செயலியின் சரித்திரம் காட்டுகிறது.

கைபேசித் திரையில் நடப்பதைப் பதிவு செய்து கொடுக்கும் செயலி அது. 2021 செப்டம்பரில் கடைக்கு வந்தபோது அதில் யாதொரு குற்றமும் இல்லை. சொன்ன வேலையைச் செய்தது, வேறொன்றையும் தொடவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படிச் சாதுவாக இருந்தபின், 2022 ஆகஸ்டில் வந்த புதுப்பதிப்புடன் வேவு நிரல் ஒன்றும் சேர்ந்து வந்தது. அதன் காரியம் விசித்திரமானது. 15 நிமிஷத்துக்கு ஒரு முறை ஒலிவாங்கியைத் திறந்து, சுற்றிலும் நடக்கும் பேச்சை 1 நிமிஷம் பதிவு செய்து, எங்கோ இருந்த தன் எஜமானனுக்கு அனுப்பிற்று! படங்களையும் தஸ்தாவேஜுகளையும் எடுத்தனுப்பும் சக்தியும் அதற்கு இருந்தது. ஈசெட் என்ற பாதுகாப்பு ஸ்தாபனத்தார் கண்டுபிடித்துத் தெரிவித்ததன்மேல் கூகுள் அதை நீக்கியது. 2023 மே மாதத்தில் விவரம் வெளியாயிற்று. அதற்குள் 50,000 தடவைக்கு மேல் அது இறக்கப்பட்டிருந்தது.

ஒலிவாங்கியைத் தொடுமுன் கைபேசி நம்மிடம் அனுமதி கேட்காதா என்று நேயர்கள் வினவலாம். கேட்கத்தான் செய்தது. பதிவு செய்யும் செயலி ஒலிவாங்கியைக் கேட்பதில் அதிசயம் என்ன? முன்னமே சம்மதம் கொடுத்தாகிவிட்டது. பின்னால் வந்த ஒற்றன் புதிதாக ஒரு கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை.

நம் தேசத்தில் நடமாடும் மற்றொரு வகைக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒன்று வரும். 2024-இல் போலீஸாரே இதைப் பற்றி எச்சரித்தார்கள். அழைப்பிதழ் படமாக வரலாம், பி.டி.எஃப். ஆக வரலாம், பெயரின் முடிவில் ஏ.பி.கே. என்றிருந்தால் அது அழைப்பிதழே அல்ல, செயலி. குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி பெற்றுக்கொண்டால், பாங்கி அனுப்பும் ஓ.டி.பி. நமக்கு முன்பே திருடனுக்குத் தெரிந்துவிடும். பெண் யார், பிள்ளை யார் என்று அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவது உத்தமம்.

ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதங்கள் தொடாமல் கிடக்கும் செயலிகளின் அனுமதிகளைக் கைபேசி தானே திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. அடிக்கடி திறக்கும் செயலிக்கு அது பொருந்தாது. அமைப்புகளில் உள்ள அனுமதிப் பட்டியலைப் பார்த்து, ஒலிவாங்கி யார் யார் வசம் இருக்கிறது என்பதை நாமே தெரிந்துகொள்ள வேண்டும். கடையிலிருந்து நீக்கப்பட்ட செயலி நம் கைபேசியிலிருந்தும் தானாகப் போய்விடும் என்று சொல்வதற்கில்லை.