நெரிசல் நேரத்தில் தாமதம் எங்கே?

கடையில் கூட்டம் சேர்ந்து பில் போடத் தாமதமானால், இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். கடன் வாங்கியாவது வாங்கிப் போடுகிறோம். ஆனாலும் வரிசை குறைவதில்லை. காத்திருந்து சலித்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். பணம் போடுமுன் தாமதம் எங்கே என்று பார்க்க வேண்டாமா? வங்கிகளின் மெயின்பிரேம் எனும் பெரிய கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தத் துறை புதியதல்ல. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்காக ஐ.பி.எம். அமைத்த ‘சேபர்’ விமான முன்பதிவு முறை 1964-இல் முழு அளவில் இயங்கியது. 1969-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ‘சி.ஐ.சி.எஸ்.’ மென்பொருள் இன்றும் உலகின் பல வங்கிகளில் வேலை செய்கிறது. பணம் எடுப்பதும் இருப்புப் பார்ப்பதும் இதில் தனித்தனிப் பரிவர்த்தனைகள். வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போதே முடிந்தாக வேண்டும்.

நேரம் போகும் இடம்

ஒரு பரிவர்த்தனைக்கு இரண்டு விநாடி ஆனால், அவ்வளவு நேரமும் கம்ப்யூட்டர் கணக்குப் போடுவதில்லை. பெரும்பகுதி காத்திருப்புதான். முறை வரக் காத்திருக்கும். டிஸ்க்கிலிருந்து தகவல் வரக் காத்திருக்கும். இன்னொரு வேலை பூட்டி வைத்துள்ள கணக்கு விடுபடக் காத்திருக்கும். அந்த நிலையில் வேகமான இயந்திரம் வாங்கினால் அதுவும் சேர்ந்து காத்திருக்கும்!

அவர்கள் செய்யும் பரிகாரங்கள் நமக்கும் புரிபவையே.

அடிக்கடி கேட்கப்படும் தகவலை டிஸ்க்கில் தேடாமல் மெமரியிலேயே வைத்துக்கொள்கிறார்கள். ஓடும் சரக்கைக் குடோனில் வைக்காமல் கை எட்டும் இடத்தில் வைப்பது போல.

ஒரு கணக்கைத் திருத்த வேண்டிய நேரம் மட்டுமே பூட்டுகிறார்கள். பேரேட்டை ஒருவர் மடியில் வைத்திருந்தால் மற்றவர் எழுதுவது எப்படி?

ஒரே சமயத்தில் உள்ளே விடும் வேலைகளுக்கு உச்சவரம்பு வைக்கிறார்கள். அளவுக்கு மீறி விட்டால் ஒன்றையொன்று இடித்து எல்லாமே மெதுவாகும்.

நீண்ட அறிக்கைகளை இரவுக்கு ஒதுக்குகிறார்கள். நெரிசல் வேளையில் இருப்பெடுக்க உட்காரலாமா?

ஒரு கணக்கு

ஒரே கவுண்டர், ஆட்கள் வருவதும், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் முன்பின்னாக இருக்கும் என்று கொள்வோம். ஒருவருக்குச் சராசரி ஒரு நிமிட வேலை. கவுண்டர் பாதி நேரம் வேலையாக இருந்தால், காத்திருப்பும் சேர்த்து ஒருவருக்குச் சராசரியாக 2 நிமிடம் ஆகும். 80 சதவீதம் என்றால் 5 நிமிடம். 90 சதவீதம் என்றால் 10 நிமிடம்! கடைசிப் பத்து சதவீதச் சுமையே மொத்த நேரத்தை இரட்டிப்பாக்குகிறது. அந்தச் சுமையைச் சற்றே குறைத்தாலும் வரிசை வெகுவாகக் குறையும் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

ஆகவே தீபாவளிக்கு முன் ஒரு நெரிசல் நாளில், கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக் குறித்துப் பார்ப்போம். சரக்கு எடுக்க எவ்வளவு, எடை போட எவ்வளவு, பில்லுக்கு எவ்வளவு, சில்லறைக்கு எவ்வளவு? நாள் முழுவதற்குமான சராசரி நம்மை ஏமாற்றும். கூட்ட நேரக் கணக்கே உண்மை சொல்லும். அதிக நேரம் பிடிக்கும் இடத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, மறுபடி அளப்போம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் போதவில்லை என்றால் புதிய இயந்திரம் வாங்குவோம். அப்போது போடும் முதல் வீண் போகாது.