உரைத் தொகுப்பியின் மூலநிரலும் தமிழ் எழுத்து வரிசையும்

தில்லியிலுள்ள இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991-இல் இஸ்கி குறியீட்டை வெளியிட்டது. அதன் 1988-ஆம் ஆண்டு வடிவத்தை யூனிகோடு தழுவியமையால், தமிழ் அட்டவணையில் ககர ஙகரங்களுக்கிடையே மூன்று வெற்றிடங்கள் இன்றும் உள்ளன. இவ்விரண்டிலும் மெய்க்குப் பின்னரே உயிர்க்குறி வரும். திஸ்கியோ கண்ணுக்குத் தோன்றும் வரிசையைப் பின்பற்றியது.

விண்டோஸ் 2000 யூனிகோடு வழித் தமிழுக்கு இடமளித்தது. திஸ்கிக்கென எழுதப்பட்ட உரைத் தொகுப்பியை அவ்வியக்க முறைமைக்கு மாற்றுவது பைட்டுகளை இரட்டிப்பதோடு முடிவதன்று. ‘கொ’ என்பது திஸ்கியில் கொம்பு, ககரம், கால் என மூன்று குறியெண்கள். யூனிகோட்டில் ககரமும் ஒகரக்குறியுமாக இரண்டு. அவ்வொகரக்குறியைக் கொம்பும் காலுமாகப் பிரித்து எழுதினும் நிகரெனவே கொள்ளப்படும். திரையில் வேறுபாடு தோன்றாது. ஆயினும் குறியெண்களை மட்டும் ஒப்பிடும் தேடல் நிரல் ஒன்றைக் கண்டு மற்றொன்றை விட்டுவிடும். கலைச்சொல் தேடும் மொழிபெயர்ப்பாளர் அச்சொல்லே இல்லையெனக் கொள்வார்.

அகரவரிசையில் இடர் இன்னும் மிகுதி. குறியெண் வரிசைப்படி னகரம் நகரத்தை அடுத்து நிற்கும். புள்ளி பெற்ற ககரமெய் ‘கௌ’வுக்கும் பின்னே செல்லும். தொல்காப்பியம் கற்றோர்க்கு இது வியப்பே. ஆதலின் இருவகை எழுத்துமுறையையும் ஒப்பீட்டுக்கு முன் ஒன்றாக்கும் பகுதியும், நெடுங்கணக்கை அறிந்த வரிசைப் பகுதியும் மூலநிரலில் புதிதாக எழுதப்படல் வேண்டும்.