வானத்தின் கணக்கேடு

ஓர் ஆண்டின் மழையளவை மட்டும் கொண்டு ஒரு வட்டாரத்தை வறட்சிப் பகுதி என்று எவரும் முடிவு செய்வதில்லை. அதற்குப் பல்லாண்டுப் பதிவேடு வேண்டும். மேல் வளிமண்டலத்தின் நிலையும் இத்தகையதே. அங்குள்ள வாயுக்களின் அளவு மாறி வருகிறதா, எதனால் மாறுகிறது என்னும் வினாக்களுக்கு விடை காணப் பல பத்தாண்டுகள் இடைவிடாது அளந்து வைத்த கணக்கு இன்றியமையாதது. ஓசோன் வாயுவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மெல்லிய போர்வை

தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில் ஓசோன் செறிந்துள்ளது. சூரியனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்களின் பெரும் பகுதியை அது உறிஞ்சிக்கொள்கிறது. இக்காப்பு குறைந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும். பயிர்களும் கடல்வாழ் நுண்ணுயிர்களும் பாதிப்புறும். ஆயினும் இப்போர்வை மிக மெல்லியது. நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்திற்கும் 0 டிகிரி வெப்பநிலைக்கும் கொண்டு வந்தால் அதன் கனம் சுமார் 3 மில்லிமீட்டரே இருக்கும். இதனை 300 டாப்சன் அலகு என்பர்.

இவ்வலகு, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர் டாப்சனின் பெயரால் வழங்குகிறது. சூரிய ஒளியில் ஓசோன் மிகுதியாக உறிஞ்சும் ஓர் அலைநீளத்தையும் குறைவாக உறிஞ்சும் மற்றோர் அலைநீளத்தையும் ஒப்பிட்டு, ஓசோனின் மொத்த அளவைக் கணிப்பது அவரது முறை. 1928ஆம் ஆண்டில் அவர் தம் கருவிகளை உலகின் பல பகுதிகளுக்கு அனுப்பியபோது, கலிஃபோர்னியா, எகிப்து, நியூசிலாந்து ஆகியவற்றுடன் நமது கொடைக்கானலும் இடம் பெற்றது. பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறை தில்லி, ஸ்ரீநகர், வாரணாசி, புணே, கொடைக்கானல் போன்ற இடங்களில் ஓசோன் அளவீட்டை மேற்கொண்டது.

நீண்ட காலம் ஏன்?

ஓசோனின் அளவு நாளுக்கு நாள் மாறும், பருவத்திற்கேற்பவும் மாறும். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி அதைப் பாதிக்கிறது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தது போன்ற நிகழ்ச்சிகளும் பாதிக்கின்றன. இத்தனை ஏற்ற இறக்கங்களுக்கிடையே பத்தாண்டுக்குச் சில விழுக்காடு என்ற அளவிலான நிலையான சரிவைப் பிரித்தறிவது எளிதன்று. கருவியின் சிறு பிழையும் பொய்யான போக்கைக் காட்டிவிடக்கூடும். எனவேதான் கருவிகளைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் உலகத் தரக் கருவியுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனர்.

பதிவேடு தந்த எச்சரிக்கை

குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன்கள் ஓசோனை அழிக்கக்கூடும் என்று 1974இல் மொலினா, ரோலண்டு ஆகியோர் எச்சரித்தனர். அப்போது அது ஒரு கோட்பாடாகவே கருதப்பட்டது. ஆனால் தென் துருவக் கண்டத்தின் ஹேலி பே நிலையத்தில் பிரிட்டிஷ் அறிவியலார் 1957 முதல் ஓசோனை அளந்து வந்தனர். தொடக்க ஆண்டுகளில் அக்டோபரில் சுமார் 300 அலகாக இருந்த அளவு, 1984இல் சுமார் 200 அலகாகச் சரிந்திருந்தது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் ஆகியோர் 1985இல் இதனை வெளியிட்டனர். முந்தைய ஆண்டுகளின் கணக்கு கையில் இல்லாதிருந்தால், இக்குறைவை அவ்விடத்தின் இயல்பு என்றே எண்ணியிருக்கக்கூடும்.

1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. வளரும் நாடுகள் மாற்றுத் தொழில்நுட்பத்திற்கு மாறும் செலவுக்கென 1990இல் பலதரப்பு நிதியம் ஒன்றுக்கு வழி செய்யப்பட்டது. இந்தியா 1992இல் உடன்படிக்கையில் இணைந்தது. வளரும் நாடுகளும் 2010க்குள் இப்பொருள்களின் உற்பத்தியைக் கைவிட வேண்டும் என வகுக்கப்பட்டது.

அளவீடே காவல்

உடன்படிக்கையோடு பணி முடிந்துவிடவில்லை. குளோரோஃபுளோரோ கார்பன்–11 வெளியேற்றம் 2012க்குப் பின் எதிர்பாராது உயர்ந்திருப்பதை 2018இல் காற்றுமண்டல அளவீடுகள் காட்டின. அதில் பெரும் பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து வந்தது என்று 2019இல் அறியப்பட்டது. அதன்பின் வெளியேற்றம் குறைந்தது. நாடுகள் தரும் உற்பத்திக் கணக்கில் இடம்பெறாத மீறலைக் காற்றின் கணக்கு வெளிக்கொணர்ந்தது.

இப்பொருள்கள் வளிமண்டலத்தில் பல பத்தாண்டுகள் தங்குபவை. 2022ஆம் ஆண்டின் உலக மதிப்பீட்டின்படி, இன்றைய கொள்கைகள் தொடர்ந்தால், தென் துருவத்தில் ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலையை எட்ட ஏறத்தாழ 2066 ஆகும். துருவங்கள் நீங்கலான பகுதிகளில் 2040 வாக்கில் எட்டும். அதுவரை நோய் தீர்ந்து வருகிறதா என்பதைச் சொல்லக்கூடியது அளவீடு ஒன்றே.

ஓர் அளவீட்டு நிலையத்தின் ஆண்டுச் செலவு சிறிது. அதன் பயன் எந்த ஒரு நிதியாண்டின் கணக்கிலும் தெரிவதில்லை. சிக்கன நடவடிக்கை என்றவுடன் இத்தகைய பணிகள்மீது கண் விழுவது இதனாலேயே. விட்டுப்போன பாலத்தைப் பின்னர் கட்டிக்கொள்ளலாம். விட்டுப்போன ஆண்டின் அளவீட்டை எத்தொகை கொடுத்தும் பின்னர் பெற இயலாது. திட்டமிடுவோர் நினைவில் கொள்ள வேண்டிய உண்மை இதுவே.