வாழும் நினைவுச் சின்னம்

போர்ப்பணி ஆற்றியவர்களின் நினைவாக வளர்க்கப்படும் மரங்கள் ‘வாழும் நினைவுச் சின்னம்’ எனப்படும். ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரில் 1917–1919 காலத்தில், வீரருக்கு ஒன்றாக ஏறத்தாழ 3,800 மரங்கள் சாலையோரம் நடப்பட்டன. பெயர்ப்பலகைகளுடன் கூடிய அச்சாலை இன்று விக்டோரியா மாநில மரபுப் பதிவேட்டில் உள்ளது.

இந்தியாவில் முன்னாள் படைவீரர்களே மரம் நட்டு வளர்த்துள்ளனர். 1982-இல் அமைக்கப்பட்ட பிரதேச இராணுவத்தின் 127-ஆவது சூழலியல் படைப்பிரிவு, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களால் மொட்டையான முசூரி மலைகளைப் பசுமையாக்கியது.

கல்வெட்டில் பெயர் இருக்கும், மரத்தில் இராது. பதிவு இல்லையேல், சாலை விரிவாக்கத்தின்போது அது வெறும் மரமாகவே வெட்டப்படும். கீரனூர் போன்ற பேரூராட்சிகளில், மர வகை, எண்ணிக்கை, நட்ட ஆண்டு, நட்டவர் பெயர் ஆகியவற்றுடன் மனு அளித்து மன்றத் தீர்மானம் கோரலாம். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் சேர்க்கக் கேட்கலாம். 2018 கஜா புயல் போன்றதொரு புயலில் மரம் சாய்ந்தாலும், அதே பெயரில் மறுகன்று நட அப்பதிவு உதவும்.