ஒன்றுகூடித் தேடும் சதுரங்க இயந்திரங்கள்

சதுரங்கம் ஆடும் கணினி நிரலின் முதன்மையான வேலை தேடல் ஆகும். ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைக்குள்ள 20 நகர்த்தல்கள் ஒவ்வொன்றுக்கும் கறுப்பு 20 வகையில் விடையளிக்கலாம் என்பதால், 400 விதத் தொடர்கள் அப்போதே பிறந்து, பின்னர் பெரும் மரமாகக் கிளைவிடுகின்றன. இம்மரத்தைப் பல செயலிகளுக்குப் பங்கிட்டு ஆராயும் நிரலே இணைநிலைச் சதுரங்க இயந்திரம் எனப்படுகிறது. ஆனால் செயலிகளை இரட்டித்தாலும் வேகம் இரட்டிப்பதில்லை.

இதற்குக் காரணம் 'ஆல்ஃபா-பீட்டா வெட்டல்' என்னும் தேடல் முறையின் இயல்பாகும். முதல் நகர்த்தல் ஒரு காலாளை ஈட்டித்தரும் என அறிந்த நிரல், இரண்டாம் நகர்த்தலுக்கு எதிராளி குதிரையை வெட்டிவிடும் ஒரு விடை இருப்பதைக் கண்டவுடன், எஞ்சிய விடைகளைப் பாராமலே அந்நகர்த்தலைக் கைவிடுகிறது. ஒரு கிளையை வெட்டுவதற்கான செய்தி முந்திய கிளையிலிருந்தே வருவதால், எல்லாக் கிளைகளையும் ஒரே வேளையில் தொடங்கினால் வெட்டுண்டிருக்க வேண்டியவையும் ஆராயப்பட்டு உழைப்பு விரயமாகும். சிலாவத்துறைக் கடலில் முன்னர் நடந்த முத்துச் சலாபத்தில், சிப்பியற்ற இடத்தை ஒரு வள்ளம் அறிந்தும் ஏனைய வள்ளங்களுக்குச் சொல்லாவிட்டால் அவற்றின் குளிப்பவர்களும் அங்கேயே மூழ்கித் தம் நாளை இழப்பதை இது ஒக்கும்.

பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்ற தாமஸ் அனந்தராமன், அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் ஃபெங்-சியுங் சூவுடனும் பின்னர் மரே கேம்பலுடனும் இணைந்து 'சிப்டெஸ்ட்', 'டீப் தாட்' ஆகிய இயந்திரங்களை உருவாக்கினார். டீப் தாட் 1988 இல் கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனை வென்றது. அவ்வழியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வளர்ந்த 'டீப் புளூ', 480 சதுரங்கச் சில்லுகளைக் கொண்டு, 1997 இல் உலக வாகையர் காஸ்பரோவைத் தோற்கடித்தது.

முன்சொன்ன உழைப்பு விரயத்தைக் குறைக்க, ஜெர்மனியின் ரைனர் ஃபெல்ட்மனும் குழுவினரும் மூத்த கிளையை முடித்த பின்னரே இளைய கிளைகளைப் பங்கிடும் முறையை வகுத்தனர். ஆனால் அதில் சில செயலிகள் வேலையின்றிக் காத்திருக்க நேர்கிறது. ஆராய்ந்த நிலைகளை எல்லாச் செயலிகளும் ஒரே அட்டவணையில் பதியும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது: இரு செயலிகள் ஒரே கட்டத்தில் ஒருங்கே எழுதினால், பாதி ஒன்றினதும் பாதி மற்றதினதுமாகப் பிழையான பதிவு உருவாகும். கட்டத்தைப் பூட்டினால் வேகம் குறையும் என்பதால், ராபர்ட் ஹயட்டும் டிம் மானும் 2002 இல் பூட்டற்ற வழியொன்றை வெளியிட்டனர். அதன்படி நிலையின் அடையாள எண்ணைப் பதிவின் தரவோடு பிணைத்து எழுதி, வாசிக்கும்போது அவிழ்த்துப் பார்த்து, பொருந்தாததைத் தள்ளிவிடலாம்.

'ஸ்டாக்ஃபிஷ்' நிரலின் 2016 ஆம் ஆண்டுப் பதிப்பு கிளைப் பங்கீட்டையே கைவிட்டு, ஒவ்வொரு செயலியும் முழு மரத்தையும் தன்போக்கில் தேடி, கண்டதைப் பொது அட்டவணை வழியே பகிரும் எளிய முறைக்கு மாறியது. எனினும் செயலிகள் முந்தும் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் வேறுபடுவதால், ஒரே நிலைக்கு இருமுறை இருவேறு விடை வரக்கூடும். ஆகவே ஒரு பிழையை மீண்டும் வரவழைத்துத் திருத்துவது நிரலாளருக்கு இன்றும் கடினமாகவே உள்ளது.

ஸ்டாக்ஃபிஷின் மூலநிரல் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரண மடிக்கணினியிலேயே செயலிகளின் எண்ணிக்கையை 1, 2, 4 என மாற்றி ஒரே நிலையைத் தேடச் செய்து ஒப்பிடலாம். கணினியியல் பயிலும் நம் மாணவர்கள் இத்துறைக்குள் நுழைய அதுவே போதிய தொடக்கமாகும்.